பொட்டு வைத்த சாமான்

கிரிதருக்கு ஊசி குத்துவது புதிதல்ல. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்தச் சில மாதங்களில் விரலில் குத்தியிருக்கிறது, உள்ளங்காலில் குத்தியிருக்கிறது, ஒரு தடவை காதிலும் குத்தியிருக்கிறது. காதில் எப்படிக் குத்தியது என்று அவராலேயே விளக்க முடியவில்லை. ஆனால் உட்காரும் இடத்தில் குத்தியது இன்றைக்குத்தான்.

அவர் மெதுவாக எழுந்து நின்றார். காபி டம்ளரைச் சிந்தாமல் மேஜைமேல் வைத்தார். நாற்காலியில் கிடந்த திண்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தமயந்தி, இதுக்குள்ள என்ன இருக்கு?"

தையல் மெஷினை நிறுத்தாமலே அவர் மனைவி பதில் சொன்னாள். "நீங்க அடைச்சதுதான் இருக்கும்."

அது உண்மை. பின்னறையில் கிடந்த துண்டுத் துணியையும் நைந்த பஞ்சையும் கத்தரித்து, நாள் கணக்கில் உட்கார்ந்து அவரே அடைத்த திண்டு அது. ஊசிகளைக் குத்தி வைக்கும் பழைய பஞ்சுருண்டை ஒன்றையும், பஞ்சுதானே என்று அதற்குள் தள்ளியிருந்தார். ஊசிகள் அதிலேயே இருந்தன.

"பழசை வீணாக்காம உபயோகிக்கச் சொன்னது நீ."

"உபயோகிக்கச் சொன்னேன். உட்காரச் சொல்லல."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கிரிதர் நின்றுகொண்டே காபியைக் குடித்தார்.

இத்தனை பாடும் அந்தப் பின்னறைக்காகத்தான். கிரிதர் கல்கத்தாவில் கிதிர்பூர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு ஃபோர்மேனாக இருந்தவர். வெயிலும் மழையும் கிரேன் சத்தமும் தின்று மிச்சம் வைத்த உடம்பு. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு ஈஸி சேர் வாங்கிக் கொடுத்தார்கள். அதை விரிக்க வீட்டில் இடமில்லை. லேக் மார்க்கெட் பக்கத்தில் கீழ்த்தள வீடு. முன்னால் கூடம், அதில் பாதி தமயந்தியின் மெஷினும் மேஜையும், நடுவில் படுக்கையறை, கடைசியில் பின்னறை. பின்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே கடம்ப மரம் உண்டு. அந்த ஜன்னலோரம் சேரைப் போட்டுக் காலை நீட்டி, யாரும் கூப்பிடாமல் ஒரு மதியம் முழுக்கக் கிடக்க வேண்டும். இனி வாழ்க்கையில் அவர் கேட்பது அவ்வளவுதான். சேரோ உறைகூடப் பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் மடங்கி நின்று, போகிற வருகிறவர் காலையெல்லாம் இடித்துக்கொண்டிருந்தது.

தமயந்தி காந்தா தைக்கிறவள். பழைய சேலைகளை அடுக்கடுக்காகப் போட்டு நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் அது காந்தா. பிறந்த குழந்தைகளுக்குப் போர்த்த அதைவிட மெத்தென்ற துணி கிடையாது என்பார்கள். கரியாஹாட்டில் ஒரு கடைக்காரர் அவள் தைப்பதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார். தேய்ந்த கத்திரிக்கோல், மொட்டை ஊசி, காலி ரீல், எழுத்தழிந்த இஞ்ச் டேப் என்று அந்தத் தொழில் கழித்துப்போட்டதெல்லாம் பின்னறையில் சேர்ந்துவிட்டது.

ஓய்வு பெற்ற புதிதில் கிரிதர் அந்த அறையைப் பற்றி நினைக்கவில்லை. மனைவிக்கு ஒத்தாசை செய்தார். அதாவது, அவள் பின்னால் நின்றார். நூலை இப்படிக் கோர்க்காதே அப்படிக் கோர், மேஜையை வெளிச்சத்துக்குத் திருப்பு, தையல் வளைகிறது கயிறு கட்டித் தை என்று, கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவனுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நாள் இப்படிப் போனபின், ஒரு காலையில் அவளே பேச்செடுத்தாள்.

"உங்க சேரைப் போட பின்னறைய எடுத்துக்கங்களேன். அங்க இருக்கற சாமானைக் காலி பண்ணிட்டா அறை உங்களுக்குத்தான்."

கிரிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்குக் கிளம்பினார். தமயந்தி வாசலில் குறுக்கே நின்றாள்.

"அது பொட்டு வச்ச சாமான்."

கிரிதர் சாக்கைக் கீழே வைத்தார். ஏனென்றால் அந்தச் சட்டம் அவர் போட்டது. துறைமுகத்தில் ஒரு வருஷம், துருப்பிடித்த கிரேன் கொக்கி ஒன்றை ஆட்கள் பழைய இரும்போடு எறிந்துவிட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வாங்கின கொக்கி. கிரிதர் ஆள் விட்டு அதைத் திரும்ப எடுத்துவரச் செய்தார். பொட்டு வாங்கின கருவி உழைத்து ஓய்ந்தால் அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், குப்பையில் எறிந்தவன் கை விளங்காது என்று அத்தனை பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். அந்தக் கொக்கி அதன்பிறகு ஷெட்டில் சாப்பாட்டுப் பைகளைத் தாங்கிக்கொண்டு தொங்கியது. இந்தக் கதையை வீட்டில் சாதம் பிசையும்போதெல்லாம் சொல்வார்.

"வருஷா வருஷம் எல்லாத்துக்கும் நான் பொட்டு வச்சிருக்கேன்," என்றாள் தமயந்தி. "வேற வேலை குடுங்க. அப்புறம் அறைய எடுத்துக்கங்க."

அப்படிக் கொடுத்த முதல் வேலைதான் திண்டு.

இனிமேல் குத்தாத சாமானாகப் பார்த்து எடுப்பது என்று கிரிதர் முடிவு செய்தார். காலி ரீல்கள் குத்தாது. சமையலறை அலமாரிக் கைப்பிடிகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ரீலை ஸ்க்ரூ போட்டுப் பொருத்தினார். சிவப்பும் பச்சையுமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தமயந்திகூட வந்து பார்த்து, நல்லா இருக்கு, இன்னும் நிறைய ரீல் இருக்கு, நிதானமாப் பண்ணுங்க என்றாள்.

மறுநாள் காலை காபிப்பொடி எடுக்க இழுத்தார். ரீல் கையோடு வந்தது. கதவு வரவில்லை. அடுத்த கதவை இழுத்தார். அதுவும் அப்படியே. காபிப்பொடி உள்ளே, கிரிதர் வெளியே. மழுங்கின கத்திரிக்கோலுக்கும் ஒரு வேலை கிடைத்தது என்று அதைச் சந்தில் விட்டு நெம்பினார். கதவு திறந்தது. அப்புறம் எந்தக் கதவும் மூடவில்லை, கீல் வளைந்துவிட்டது.

மூடாத கதவுகளை இஞ்ச் டேப்புகளால் இழுத்துக் கட்டினார். அதிலும் சாக்கில் பாதி காலியாகிறதே என்ற சந்தோஷம் அவருக்கு. சமையலறை, கட்டுப்போட்ட நோயாளிகள் வரிசையாக நிற்கும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் சந்து இருந்தது. எவ்வளவு சந்து என்பதை டேப்பிலேயே படித்துக்கொள்ளலாம்.

சாக்கு காலியாகிறது என்று அவர் நினைத்ததும் தப்பாகப் போயிற்று. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், பின்னறையில் இன்னொரு சாக்கு உட்கார்ந்திருந்தது.

"லாஃப்ட்டுல ஒண்ணு இருந்துச்சுங்க. மறந்தே போயிட்டேன்," என்றாள் தமயந்தி.

முழங்கால் வலியால் லாஃப்ட்டில் ஏறிப் பார்க்க அவரால் முடியாது. துறைமுகமே கதியென்று கிடந்தவனுக்கு வீட்டு லாஃப்ட்டில் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று தன்னையே நொந்துகொண்டார். சாக்கைக் கொட்டிப் பார்த்தார். பேண்ட் ஜிப்புகள், கோட்டுப் பொத்தான்கள்.

"நீ எப்ப கோட்டு தச்சே?"

"ஒருத்தருக்குத் தச்சேன். உங்ககிட்ட சொல்லல."

கோட்டு தைப்பவளா தன் மனைவி என்று அவருக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது.

இதற்கிடையில் அலமாரிச் சந்து வழியாக எறும்பு புகுந்துவிட்டது. மழைக்காலம் வேறு. சர்க்கரை டப்பா, வெல்ல டப்பா, கடைசியில் உப்பு டப்பா வரைக்கும் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தன. சாக்பீஸ் கோட்டை எறும்பு தாண்டாது என்று கிரிதர் எங்கோ கேட்டிருந்தார். தேய்ந்த தையல் சாக்பீஸ் துண்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. நீலக் கலர். குனிந்து, நிமிர்ந்து, கை எட்டும் மட்டும் எட்டி, சமையலறை முழுக்கக் கோடு போட்டு முடித்தார்.

எறும்பு கோட்டைத் தாண்டவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற எறும்பு. கோட்டை ஒட்டியே ஊர்ந்து, சுவரேறி மாடிக்குப் போய்விட்டது.

மாடியில் வீட்டுக்காரம்மா ரஞ்சனா இருக்கிறாள். எல்லோருக்கும் அவள் மாசிமா, அதாவது சித்தி முறை. அன்றைக்கு அவள் கணவருக்குப் பிறந்தநாள். பெரிய பாத்திரத்தில் பாயசம் காய்ச்சி மூடி வைத்திருந்தாள். சாயங்காலம் அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டே கீழே இறங்கி வந்தாள். எங்கள் வீட்டு எறும்பாக இருக்காது மாசிமா என்று கிரிதர் சொல்லிப் பார்த்தார். மாசிமா சுவரைக் காட்டினாள். எறும்பு போன வழியெல்லாம் நீலப்பொடி கோடாக மாடிவரை ஏறியிருந்தது. பாயசத்தின் மேலும் லேசாக நீலம் மிதந்தது.

மாசிமாவைச் சமாதானப்படுத்த வேண்டும், சாமானும் குறைய வேண்டும். ஒரே கல்லில் இரண்டையும் அடிப்பது என்று கிரிதர் யோசித்தார். வங்காளிகள் தூங்கும்போது கட்டிக்கொண்டு படுக்க நீள உருளைத் தலையணை வைத்திருப்பார்கள். கோல்பாலிஷ் என்று பேர். அது இல்லாவிட்டால் சில பேருக்குத் தூக்கமே வராது. பிறந்தநாள்காரருக்கு அதில் ஒன்று செய்து கொடுத்தால் எப்படி?

இந்தத் தடவை கிரிதர் பாடம் படித்திருந்தார். சிந்தின ஊசி பொறுக்கும் பழைய காந்தத்தை எடுத்து, துண்டுத் துணி ஒவ்வொன்றின் மேலும் ஓட்டிப் பார்த்தார். பின்னறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை இதே வேலை. முதுகு போயிற்று. கூடத்தில் தமயந்தியின் மெஷின் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரியாஹாட் கடைக்காரர் ஒரு மூட்டை வாங்கிப் போனபின் அடுத்த மூட்டையும் தயாராகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு வேகமாகத் தைத்து அவர் பார்த்ததில்லை. முதுகு வலியில் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

தலையணையைச் சுற்றிக் கொடுக்கக் கட்டிலடியில் சேர்த்து வைத்திருந்த பழைய பேப்பரைத் தேடினார். ஒன்றுகூட இல்லை.

"அலமாரிக்கு விரிச்சேன்," என்றாள் தமயந்தி.

"அத்தனை மாசப் பேப்பரையுமா?"

"பெரிய அலமாரிங்க."

பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, மாடியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாசிமா முகம் மலர்ந்தது. அவள் கணவர் அங்கேயே தலையணையைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார்.

காந்தத்துக்கு இரும்பு தெரியும். பிளாஸ்டிக் தெரியாது.

மறுநாள் காலை மாசிமாவின் கணவர் கன்னத்தில் ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் நாலு புள்ளி. கையில் இரண்டு, நெற்றியில் ஒன்று. ஏதோ புது வியாதி என்று பயந்து தோல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மேலும் கேள்வி கேட்காமல் தன் கோட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அதிலும் அதே பொத்தான்.

மாசிமா தலையணையைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். "கிரிதர், எறும்பே தேவலாம். எறும்புகிட்ட பொத்தான் இல்ல," என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

தலையணை பிரிக்கப்பட்டது. உள்ளே இருந்ததெல்லாம் பின்னறைக்கே வந்து சேர்ந்தது. கூடவே லாஃப்ட்டிலிருந்து இன்னொரு சாக்கும்.

கிரிதர் அன்று சாப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற ஈஸி சேரை வெறுமனே கையால் தடவிப் பார்த்தார். தலைக்கு மேல் சரக்கு தொங்கும்போதுகூட அவருக்கு இப்படித் தோன்றியதில்லை. ஏற்றின பாரம் ஒருநாள் இறங்கிவிடும். இது இறக்க இறக்க ஏறுகிறது.

தெருவில் பழைய பேப்பர் வாங்க வரும் நிதாய் அந்தப் பக்கம் வந்தான். தள்ளுவண்டியும் தராசுமாக எப்போதும் சுற்றிக்கொண்டிருப்பவன். கிரிதர் அவனுக்குத் தாதா, அதாவது அண்ணன்; தமயந்தி பௌதி, அண்ணி. கிரிதர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். காசு எதுவும் வேண்டாம், இந்த மூட்டைகளை எடுத்துக்கொண்டுபோய் யாருக்காவது உபயோகமாகக் கொடு என்று கெஞ்சினார். நிதாய் மூட்டைகளைப் பார்த்தான். வாசலில் நின்ற தமயந்தியைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். இதெல்லாம் தன் வியாபாரத்தில் சேராது, பேப்பரும் சீசாவும்தான் தன் வேலை என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினான். அவனுக்கென்ன சிரிப்பு என்று கிரிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அம்மனே வழி விட்டாள்.

தெருமுனைக் க்ளப்பில் துர்கா பூஜைக்குப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் பந்தல் என்றால் சும்மா துணி கட்டுவதில்லை. ஒரு வருஷம் ஐஸ்க்ரீம் குச்சியில் கோயில் கட்டுவார்கள், ஒரு வருஷம் மண் குவளையில் அரண்மனை. இந்த வருஷம் அட்டைப்பெட்டியில் கோட்டை. அந்தக் கோட்டை ஒரே மழையில் கஞ்சியாகிவிட்டது. மூங்கில் சாரத்துக்கு அடியில் க்ளப் காரியதரிசி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைக் கிரிதர் பார்த்தார்.

பொட்டு வாங்கின சாமானுக்கு அம்மன் வாசலைவிட உயர்ந்த வேலை உண்டா?

காரியதரிசியை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினார். ரீல், பாபின், ஜிப், பொத்தான், டேப், சாயம் போன துண்டுத் துணி. காரியதரிசி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தூணெல்லாம் ரீல், தோரணமெல்லாம் டேப், அம்மன் பின்னால் பொத்தானில் சூரியன் என்று அங்கேயே கையை ஆட்டி ஆட்டிப் பந்தலைக் கட்டினார். சாயங்காலம் வண்டி வந்தது. மூட்டை மூட்டையாக ஏறியது. கிரிதருக்குப் பழைய குரல் திரும்பிவந்தது; தூக்கு, சாய், விடு என்று சத்தம் போட்டு ஏற்றினார்.

தமயந்தி மறுப்புச் சொல்லவில்லை. அம்மனுக்குப் போவதை யார் மறுப்பார்கள்? ஆனால் அவள் முகம் சுண்டிப்போயிற்று. வண்டி திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தாள்.

"எல்லாமேவா போகுது?" என்றாள்.

சாமான் மேல் இவ்வளவு பாசமா என்று கிரிதருக்கு மனசு இளகியது. இனி உன் கையால் ஒரு பழைய சாமானைக்கூட நீ சுமக்க வேண்டாம் என்று தேற்றினார்.

மறுநாள் பின்னறையைக் கழுவி விட்டார். ஈஸி சேரின் உறையைப் பிரித்து ஜன்னலோரம் விரித்தார். உட்கார்ந்தார். எதுவும் குத்தவில்லை. காலை நீட்டினார். கடம்ப மரத்தில் காற்று அடித்தது. யாரும் கூப்பிடவில்லை. உலகத்திலேயே சுகமான இடம் இதுதான் என்று நினைத்தார்.

ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படி நினைத்தார்.

அப்புறம் கூடத்தில் மெஷின் சத்தம் காதில் விழுந்தது. ஒரு பக்கம் இழுத்து ஓடுகிற மாதிரி இருந்தது. எழுந்து போய்த் தமயந்தியின் பின்னால் நின்றார். பூஜைக்கு முன்னால் கரியாஹாட் கடைக்குக் கொடுக்க வேண்டிய காந்தாக்கள் மலையாகக் கிடந்தன.

"கரை கோணலா போகுது பாரு."

அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.

"நூல் இறுக்கமா இருக்கு. தளர்த்து. அப்புறம் இந்த மேஜை. நான் அன்னிக்கே சொன்னேன், வெளிச்சம் இடது பக்கம் வரணும்னு."

சொன்னதோடு நிற்கவில்லை. அவள் தைத்துக்கொண்டிருக்கும்போதே மேஜையைப் பிடித்துத் திருப்பினார். நூல் அறுந்தது. ஊசி வளைந்தது. குழந்தைப் போர்வையில் ஒரு கிழிசல்.

தமயந்தி காலை எடுத்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பிக் காலியான பின்னறையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், யாரிடமோ வங்காளத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள்.

"நீ போய் டீ போடு. நான் நூல் கோர்த்து வைக்கிறேன்," என்று கிரிதர் அவள் இடத்தில் உட்கார்ந்து மெஷினுக்குள் தலையை விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. தமயந்தி போய்த் திறந்தாள். வாசலில் நிதாய். தலையில் ஒரு சாக்கு மூட்டை. அவனுக்குப் பின்னால் வண்டியில் பழைய பேப்பர்க் கட்டுகள். ஒவ்வொன்றும் எழுத்தழிந்த இஞ்ச் டேப்பால் கட்டியிருந்தது. மெஷினுக்குப் பின்னால் இருந்த கிரிதரை அவன் பார்க்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"பௌதி, கரியாஹாட் தையல் கடைங்கள்ல இதுதான் கடைசி மூட்டை. இதுக்கப்புறமும் தாதாவை ரூமுக்குள்ளயே வச்சிருக்கணும்னா, நான் ஹௌராவுக்குத்தான் போகணும்."